தெளிவாகச் சொன்னால் திறமை தெரியும்: நரம்பியல் பன்மையும் நம் பணியிடங்களும்

மாதக் கடைசி. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞரின் மேசையருகே மேலாளர் வந்து நிற்கிறார். “தம்பி, நேரம் கிடைக்கும்போது அந்தச் சப்ளையர் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். மாலையில் திரும்பி வந்து, “பார்த்தீர்களா?” என்று கேட்கிறார.

“பார்த்தேன், சார்.”

“பிறகு என்ன செய்தீர்கள்?”

“நீங்கள் பார்க்கத்தானே சார் சொன்னீர்கள்?”

மேலாளருக்குச் சினம் வருகிறது. வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எதிர்ப்பேச்சா என்று எண்ணிக்கொள்கிறார். தகுதிகாண் பருவம் முடியும்போது அந்த எண்ணம் கோப்பில் ஒரு குறிப்பாக ஏறுகிறது. இளைஞர் வேலையை இழக்கிறார். அந்தக் கணக்கில் ஒரே விலைப்பட்டியல் இரண்டு முறை பதிவாகியிருந்ததை அவர் அன்றே கண்டிருந்தார். பிழை இருந்தால் தெரிவிக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஆகவே அவர் தெரிவிக்கவில்லை.

இது விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட காட்சியே. ஆயினும், இதைப் போன்ற ஒன்றை எங்கோ கண்டிருக்கிறோமே என்று உங்களில் பலருக்குத் தோன்றக்கூடும். சொன்ன சொல்லை அதன் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும் மனம் அந்த இளைஞருக்கு. நாமோ ‘பாருங்கள்’ என்னும் ஒரு சொல்லுக்குள் ‘சரிபாருங்கள், பிழையைக் குறித்து வையுங்கள், இன்று மாலைக்குள் எனக்குத் தெரிவியுங்கள்’ என்ற மூன்று கட்டளைகளை மடித்து வைக்கிறோம். பெரும்பாலோர் அம்மடிப்பைத் தாமே பிரித்துக்கொள்கின்றனர். சிலரால் அவ்வாறு இயலுவதில்லை. அந்தச் சிலரைப் பற்றியும், அவர்களை இழந்துவிடாமல் இருக்கப் பணியிடங்களில் செய்யக்கூடியவை பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

நரம்பியல் பன்மை என்றால் என்ன?

மனித மூளைகள் அனைத்தும் ஒரே விதமாக இயங்குவதில்லை. கவனிப்பது, கற்பது, ஒலியையும் ஒளியையும் உணர்வது, பிறரது மனக்குறிப்பை அறிவது ஆகியவற்றில் மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடுகளை மனித இனத்தின் இயல்பான பன்மையாகக் காணும் நோக்கே ‘நரம்பியல் பன்மை’ எனப்படுகிறது. ஆங்கிலத்தில் ‘நியூரோடைவர்சிட்டி’ என வழங்கும் இச்சொல் 1990களில் உருவானது. 1998ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும், அமெரிக்க எழுத்தாளர் ஹார்வி ப்ளூமின் இதழ்க் கட்டுரையிலும் இடம்பெற்றுப் பரவலாயிற்று.

இதன் கீழ் வருவனவற்றுள் சிலவற்றை மட்டும் இங்குக் காண்போம்.

ஆட்டிசம் உள்ள ஒருவருக்குக் குறிப்பால் பேசப்படுவதைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்கலாம். கண்ணோடு கண் பார்த்துப் பேசுவது அவரைச் சோர்வடையச் செய்யலாம். பிறர் கவனிக்காத குழல்விளக்கின் ரீங்காரமும், பக்கத்து மேசையின் வாசனைத் திரவியமும் அவருக்குத் தாங்க இயலாதவையாக இருக்கலாம். அதே வேளையில், ஒரு பொருளில் மனம் ஒன்றிவிட்டால் நெடுநேரம் அதில் ஆழ்ந்திருக்கவும், வரிசையில் பிறழ்ந்து நிற்கும் ஒன்றை உடனே கண்டறியவும் பலரால் இயலும்.

டிஸ்லெக்ஸியா உள்ளவருக்கு எழுத்துகளைக் கூட்டிப் படிப்பது பிறரைவிடக் கூடுதல் உழைப்பைக் கேட்கிறது. இது அறிவுக்குறைவின் அடையாளமன்று. அவர் பேச்சில் தெளிவானவராகவும், சிக்கலை முழுமையாகப் பார்த்துத் தீர்வு காண்பவராகவும் இருக்கக்கூடும்; இருபது பக்கச் சுற்றறிக்கை மட்டுமே அவரைத் திணறவைக்கும். எண்களைக் கையாள்வதில் இத்தகைய இடர்ப்பாடு இருந்தால் டிஸ்கால்குலியா என்றும், எழுதுவதில் இருந்தால் டிஸ்கிராஃபியா என்றும் கூறுவர்.

ஏடிஎச்டி உள்ளவருக்குக் கவனமே இல்லை என்று கருதுவது தவறு. கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் நிறுத்துவதே அவருக்குக் கடினம். நெருக்கடி வேளையில் எல்லோருக்கும் முன்னால் நின்று செயல்படும் ஒருவர், அடுத்த வாரம் கொடுக்க வேண்டிய எளிய அறிக்கையை மறந்து நிற்பது இதனால்தான்.

இவ்வியல்புகள் எத்தனை பேரிடம் உள்ளன? உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ளது. இந்தியாவின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைப் பதிவு செய்தது. ஆனால் அதில் ஆட்டிசத்துக்கோ கற்றல் குறைபாட்டுக்கோ தனிப் பிரிவு இடம்பெறவில்லை. ஆகவே இவர்களுள் பலர் தமக்கென ஒரு பெயரின்றியே பள்ளி முடித்தனர், கல்லூரி முடித்தனர், இன்று நம் அலுவலகங்களில் நம்மருகே அமர்ந்திருக்கின்றனர். 2007இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்தித் திரைப்படம், டிஸ்லெக்ஸியா உள்ள எட்டு வயதுச் சிறுவனை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. அன்று அச்சிறுவனின் வயதில் இருந்தவர்களுக்கு இன்று வேலைக்குச் செல்லும் வயது. பள்ளிகள் அவர்களைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டன. அடுத்த வாயில் பணியிடத்துடையது.

நேர்காணல் எதை அளக்கிறது?

அந்த வாயிலில் முதலில் நிற்பது நேர்காணல். உறுதியாகக் கைகுலுக்க வேண்டும்; கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்; “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்ற எல்லையற்ற கேள்விக்கு, கேட்பவர் எதிர்பார்க்கும் அளவோடு விடை கூற வேண்டும். “உங்கள் குறை என்ன?” என்று கேட்டால் உண்மைக் குறையைச் சொல்லிவிடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவையனைத்தும் உரையாடல் திறனை அளப்பவை. விற்பனைப் பணிக்கு இத்திறன் தேவை. ஆவணங்களைச் சரிபார்க்கும் பணிக்கோ, மென்பொருளில் பிழை தேடும் பணிக்கோ இது எவ்வளவு தேவை என்று நேர்காணல் நடத்துவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வேலையைச் செய்யத் தெரிந்தவர், வேலையைப் பெறத் தெரியாததால் வெளியேறுகிறார்.

இதை மாற்றிக் காட்டியவர்களுள் முன்னோடி டென்மார்க்கைச் சேர்ந்த தோர்கில் சோனே. தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பப் பொறுப்பு வகித்தவர் அவர். அவருடைய மகனுக்குச் சிறு வயதிலேயே ஆட்டிசம் இருப்பது தெரியவந்தது. ஒருநாள் அச்சிறுவன் கட்டங்களும் எண்களுமாக ஒரு படம் வரைந்தான். ஐரோப்பியச் சாலை வரைபட நூல் ஒன்றின் குறிப்புப் பக்கத்தை அவன் நினைவிலிருந்தே பிழையின்றி வரைந்திருக்கிறான் என்பது தந்தைக்குப் பிறகுதான் விளங்கிற்று. மென்பொருள் சோதனைக்கு இத்தகைய கூர்மைதானே தேவை என்று அவர் எண்ணினார். 2004இல் ‘ஸ்பெஷலிஸ்டெர்னே’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டேனிஷ் மொழியில் இதற்கு ‘வல்லுநர்கள்’ என்பது பொருள்.

அந்நிறுவனம் வழக்கமான நேர்காணலை ஒதுக்கிவைத்தது. வேலை தேடி வந்தவர்களிடம் லெகோ நிறுவனத்தின் ரோபோத் தொகுப்புகளைக் கொடுத்து, அவற்றைக் கட்டி இயக்கச் சொல்லியது. அவர்கள் எவ்வாறு சிக்கலை அணுகுகின்றனர், எங்கே தடைப்படுகின்றனர், எப்படி உதவி கேட்கின்றனர் என்பதை நாள் கணக்கில் கவனித்தது. அந்நிறுவனத்தின் சின்னம் டான்டிலியன் என்னும் செடி. ஐரோப்பியப் புல்வெளிகளில் அது களை. மருத்துவத் தோட்டத்தில் மூலிகை. நம் வயல் வரப்பில் களையாகப் பிடுங்கப்படும் கீழாநெல்லி, நாட்டு மருத்துவத்தில் போற்றப்படுவதை இதனோடு ஒப்பிடலாம்.

பெங்களூரில் நடந்த முயற்சி

இம்முயற்சிகளின் வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி, பெங்களூரிலுள்ள தன் ஆய்வகத்தில் ஆட்டிசம் உள்ள ஆறு பேரை மென்பொருள் சோதனையாளர்களாகப் பணியமர்த்தியது. அவர்கள் சேர்ந்த பின்னர் அக்குழுவின் செயல்திறனும் ஒருங்கிணைப்பும் உயர்ந்ததாக நிறுவனம் தெரிவித்தது. 2013 மே மாதத்தில், ஸ்பெஷலிஸ்டெர்னேயுடன் இணைந்து இத்திட்டத்தை உலகெங்கும் விரிவுபடுத்துவதாக எஸ்ஏபி அறிவித்தபோது, சான்றாகக் காட்டப்பட்டவற்றுள் பெங்களூர் அனுபவமும் ஒன்று. வங்கித் துறையிலும் இது பரவியது. அமெரிக்காவின் ஜேபிமோர்கன் சேஸ் வங்கி 2015இல் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான பணித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

மென்பொருள் சோதனை என்பது ஒரே படிகளை மீண்டும் மீண்டும் செய்து, சிறு மாறுதல் தென்பட்டாலும் குறித்துவைக்கும் வேலை. பத்தாவது முறையில் பலருக்குச் சலிப்பு வந்து கண் தவறிவிடும். ஒழுங்கை விரும்பும் மனத்துக்கு அந்தப் பத்தாவது முறையும் முதல் முறையைப் போன்றதே. குழுவின் ஒருங்கிணைப்பு உயர்ந்ததற்கான காரணமும் ஊகிக்கக் கூடியதே. ஆட்டிசம் உள்ள உறுப்பினருக்காகக் கட்டளைகளைத் தெளிவாகச் சொல்லப் பழகிய மேலாளர், மற்றவர்களிடமும் தெளிவாகவே பேசுவார் அல்லவா?

மேதைகளை மட்டும் தேட வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மேற்கண்ட கதைகளைக் கேட்போர், ஆட்டிசம் என்றாலே கணினி மேதை என்று முடிவு செய்துவிடுகின்றனர். அது மற்றொரு வகைத் தப்பெண்ணம். எல்லோருக்கும் அரிய ஆற்றல் இருப்பதில்லை. நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது? சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நெருங்கிய துணை தேவைப்படும். சிலரால் பணிக்குச் செல்லவே இயலாது. சராசரித் திறமையுள்ள ஒருவருக்குச் சராசரி வேலை கிடைப்பதே உண்மையான உள்ளடக்கம்.

நம் நாட்டில் சில நிறுவனங்கள் இவ்வழியில் நடந்து காட்டியுள்ளன. லெமன் ட்ரீ ஹோட்டல் குழுமம் 2007 முதல் செவித்திறன் குறைந்தோரைப் பணியமர்த்தத் தொடங்கி, பின்னர் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களையும் தன் உணவகங்களில் சேர்த்துக்கொண்டது. அலீனா ஆலம் 2017இல் கர்நாடகத்தின் ஹூப்ளியில் தொடங்கிய ‘மிட்டி கஃபே’, உடல், அறிவுத்திறன், மனநலம் சார்ந்த இயலாமை உள்ளவர்களால் நடத்தப்படும் சிற்றுண்டியகமாகும். 2023 நவம்பரில் அதன் கிளை ஒன்று உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது.

மேசையில் கரண்டிகளை ஒழுங்காக வைப்பது, விருந்தினரை வரவேற்பது, தண்ணீர் நிரப்புவது, பில் கொண்டு வருவது என்று ஒரு வேலையைச் சிறு சிறு பணிகளாகப் பிரித்துப் பாருங்கள். அவற்றுள் எதை ஒருவர் நன்றாகச் செய்வார் என்பது விளங்கும். ‘இவரால் பரிமாறுநர் வேலை செய்ய முடியுமா?’ என்ற கேள்வியைவிட இது பயனுள்ள தொடக்கம்.

பணியிடத்தில் என்ன மாற்றலாம்?

எங்களுடையது சிறிய நிறுவனம், பத்துப் பேர்தான் இருக்கிறோம் என்று சொல்லும் வாசகர்களுக்கும் இப்பகுதி பயன்படும். கீழ்க்கண்டவற்றுள் பலவற்றுக்குச் செலவே இல்லை.

கட்டளையை முழுமையாகச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கண்ட மேலாளர் இவ்வாறு கூறியிருக்கலாம்: “சப்ளையர் கணக்கில் இம்மாத விலைப்பட்டியல்களை ஒவ்வொன்றாகப் பேரேட்டுடன் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் தனித்தாளில் எழுதுங்கள். மாலை 4 மணிக்குள் என்னிடம் கொடுங்கள். ஐயம் இருந்தால் பக்கத்து மேசையில் கேளுங்கள்.” என்ன வேலை, எந்த அளவு, எப்போதைக்குள், யாரிடம் கேட்பது என்ற நான்கும் இதில் உள்ளன.

சொன்னதை எழுத்திலும் கொடுங்கள். வாய்மொழிக் கட்டளை காற்றோடு போகும். இரண்டு வரி வாட்ஸ்அப் செய்தி இருந்தால் ஏடிஎச்டி உள்ளவர் அதைத் திரும்பப் பார்த்துக்கொள்வார். டிஸ்லெக்ஸியா உள்ளவருக்குக் குரல் பதிவாக அனுப்பலாம். எந்த வடிவம் உதவும் என்று அவரிடமே கேட்பது நல்லது.

இடத்தைக் கவனியுங்கள். வாசலருகே, ஜெனரேட்டர் பக்கத்தில், மினுக்கும் விளக்கின் கீழ் இருக்கும் மேசையை மாற்றிக் கொடுப்பது பெரிய உதவியாகலாம். வாடிக்கையாளரை நேரில் காணாத பணியாயின் ஒலிதடுக்கும் காதணி அணிய அனுமதிக்கலாம். அலுவலகக் கொண்டாட்டங்களில் கலந்துகொள்ளாதவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். அவ்விரைச்சல் அவருக்கு வலியாக இருக்கக்கூடும்.

மாற்றங்களை முன்கூட்டியே தெரிவியுங்கள். நாளை முதல் வேலை நேரம் மாறுகிறது, அடுத்த வாரம் இருக்கை மாறுகிறது என்பதை ஒருநாள் முன்னதாகச் சொன்னால் மனம் தயாராகும். ஏடிஎச்டி உள்ளவருக்கு ஒரு மாத வேலையை நாள்தோறும் முடிக்கத்தக்க துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். தொலைபேசி அழைப்போ இடையீடோ இல்லாத ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக் கொடுப்பது மேலும் உதவும்.

படிப்பதை எளிதாக்குங்கள். சுற்றறிக்கையின் தலைப்பகுதியிலேயே செய்ய வேண்டியவற்றை எண்ணிட்டு எழுதலாம். எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் விடலாம். எழுத்தைப் படித்துக் காட்டும் வசதி இன்று பெரும்பாலான திறன்பேசிகளில் உள்ளது. முன்னறிவிப்பின்றிக் கூட்டத்தில் எழுந்து உரக்கப் படிக்கச் சொல்வதைத் தவிர்க்கலாம். எண்களைப் பொறுத்தவரை, 1245000 என்பதைவிட 12,45,000 என்று பிரித்தெழுதுவது யாவருக்கும் நல்லது.

குறையைத் தனியே, நேராகச் சொல்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பொறுப்பாக இருக்கலாமே’ என்பதிலிருந்து எதைத் திருத்துவது என்று ஒருவருக்கு விளங்காது. ‘நேற்றைய அறிக்கையில் தேதி விடுபட்டிருந்தது, இனி முதல் வரியில் தேதி எழுதுங்கள்’ என்றால் விளங்கும்.

இவை நரம்பியல் பன்மை உடையவர்களுக்கு மட்டும் பயன்படுவன அல்ல. சக்கர நாற்காலிக்காக அமைத்த சாய்தளத்தில் முதியவரும் ஏறுகிறார், பெட்டி இழுத்து வருபவரும் ஏறுகிறார். பாட்னாவிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்த ஊழியருக்கும், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் தெளிவான கட்டளை அதே அளவு உதவும்.

சட்டம் என்ன கூறுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நாட்டில் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை இயலாமைகளை மட்டுமே ஏற்றது. புதிய சட்டம் அதை 21ஆக உயர்த்தியது. ஆட்டிசமும், டிஸ்லெக்ஸியா முதலிய குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் அவற்றுள் சேர்ந்தன. ஏடிஎச்டி அப்பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை.

அரசு நிறுவனங்களில் 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட இயலாமை உடையோருக்குக் குறைந்தது 4 விழுக்காட்டு இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். இதில் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவற்றுடன் பல்வகை இயலாமை உடையோருக்கும் உரியது. தனியார் நிறுவனங்களுக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்கள் அக்கொள்கையில் பணிகளின் பட்டியல், தேர்வு முறை, தொடர்பு அலுவலர் முதலிய விவரங்களையும் சேர்க்க வேண்டும்.

இச்சட்டத்தின் உயிர்நாடியான கருத்து ‘நியாயமான இசைவாக்கம்’. ஒருவர் பிறருக்குச் சமமாகப் பணியாற்றத் தேவையான பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவதே அது. செய்பவருக்கு அளவுக்கு மீறிய சுமையாகிவிடக் கூடாது என்ற வரம்பும் அதிலேயே உண்டு. இதைப் பெற 40 விழுக்காட்டுச் சான்று கட்டாயமா? 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை அளித்தது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் நரம்பியல் சிக்கல் உடைய அத்தேர்வர், குடிமைப் பணித் தேர்வில் தாம் சொல்வதை எழுதித் தரும் உதவியாளரைக் கோரியிருந்தார். இயலாமையின் அளவு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்பதற்காக அவ்வுதவியை மறுக்கலாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு டிசம்பரில் மற்றொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் முக்கியமான கருத்தை வெளியிட்டது. ஊழியரின் நடத்தைக்கு அவரது மனநலம் சார்ந்த இயலாமையும் ஒரு காரணமாக இருக்கும்போது, அந்நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகப் பாகுபாடாகும் என்று அது கூறியது. கோப்பில் ஏறும் குறிப்புகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமை மேலாளருக்கு உண்டு என்பதை இத்தீர்ப்பு நினைவூட்டுகிறது.

வங்கிப் பணித் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகுதியுள்ள தேர்வர்களுக்கு ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 20 நிமிடம் கூடுதலாக வழங்கப்படுகிறது. விண்ணப்பிக்கும்போதே இதைக் குறிப்பிட்டு, உரிய சான்றுகளை இணைக்க வேண்டும். தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முன்கூட்டியே பெற்று வைப்பது கடைசி நேர அலைச்சலைத் தவிர்க்கும்.

சொல்வதா, மறைப்பதா?

சட்டம் இருந்தும் பலர் தம் இயல்பை அலுவலகத்தில் வெளிப்படுத்துவதில்லை. பதவி உயர்வு தடைப்படுமோ, கேலிக்கு ஆளாவோமோ, திருமணப் பேச்சு வரை செய்தி போய்விடுமோ என்ற அச்சம் இயற்கையானது. நாள் முழுவதும் பிறரைப் போல நடித்துக்கொண்டிருப்பதற்கு ஆகும் உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. மாலையில் வீடு திரும்பியதும் ஒரு சொல்கூடப் பேச இயலாமல் படுத்துக்கொள்ளும் மகனையோ மகளையோ பெற்றோர் அறிவர்.

சொல்லியே ஆக வேண்டும் என்று எவரையும் வற்புறுத்தக் கூடாது. பெயரைக் கூறாமல் தேவையை மட்டும் கேட்பதும் ஒரு வழி: ‘கட்டளைகளை எழுத்தில் கொடுத்தால் என்னால் பிழையின்றி முடிக்க முடியும்.’ சட்டப்படியான உரிமையைக் கோர வேண்டிய நிலை வந்தால் மட்டும், சான்றுடன் மனிதவளப் பிரிவுக்கு எழுத்துமூலம் தெரிவிக்கலாம்.

ஓர் ஊழியர் தம்மைப் பற்றி உங்களிடம் மனம் திறந்தால் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். முதலாவது, அவருடைய அனுமதியின்றி அதை வேறெவரிடமும் கூறாதீர்கள். இரண்டாவது, ‘பார்த்தால் அப்படித் தெரியவில்லையே’ என்று ஆறுதல் சொல்லாதீர்கள். ‘நான் என்ன செய்தால் உங்களுக்கு வேலை எளிதாகும்?’ என்ற கேள்வி போதும்.

ஊதியம் வரும் நாள்

நரம்பியல் பன்மை உடைய பிள்ளைகளின் பெற்றோர் மனத்தில் ஓயாது சுழலும் கேள்வி ஒன்று உண்டு: எங்களுக்குப் பிறகு யார்? ஒரு வேலை அக்கேள்விக்கு முழு விடையாகாது. ஆனால் விடையின் தொடக்கமாகும். ஊதியம் அவரவர் பெயரிலுள்ள கணக்கிலேயே வரவாவது இதில் முதல் படி. மாற்றுத்திறனாளிகள் பிறருக்குச் சமமாகச் சொத்து வைத்திருக்கவும், தம் நிதி விவகாரங்களைத் தாமே நடத்தவும், வங்கிக் கடன் பெறவும் உரிமை உடையவர்கள் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கூறுகிறது. கணக்கை இயக்கத் தெரிந்தவருக்குப் பாதுகாவலர் தேவையில்லை.

தாமாக இயக்க இயலாதவர்களுக்காக வேறு ஏற்பாடு உள்ளது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை இயலாமை ஆகியவற்றுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன் கீழ், உள்ளூர்க் குழு வழங்கும் பாதுகாவலர் சான்றிதழை ஏற்றுக் கணக்குத் தொடங்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. அதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டம் 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது.

முதல் மாத ஊதியத்தைத் தாமே எடுத்துவர ஓர் இளைஞர் கிளைக்கு வரும்போது, அங்கும் இக்கட்டுரையில் கூறியவை பொருந்தும். உடன் வந்த தந்தையிடம் பேசாமல் கணக்குக்கு உரியவரிடம் பேசுவது, எந்தப் படிவம், எந்தக் கவுன்ட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தெளிவாகச் சொல்வது, கையெழுத்துப் போடச் சற்று நேரம் எடுத்துக்கொண்டால் பின்னால் நிற்பவர்கள் பொறுத்திருப்பது ஆகியவை அவருக்கு அந்த நாளை எளிதாக்கும்.

நாளைக் காலை உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ பட்டறையிலோ முதல் கட்டளையை இடும்போது ஒரு கணம் நின்று எண்ணிப் பாருங்கள். எதை, எந்த அளவில், எப்போதைக்குள் என்பது உங்கள் சொற்களில் உள்ளதா, அல்லது கேட்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டுமா? கணக்குப் பிரிவில் இருந்த அந்த இளைஞரிடம் அவ்வாறு சொல்லப்பட்டிருந்தால், இருமுறை பதிவான விலைப்பட்டியல் அன்று மாலை 4 மணிக்கு மேலாளரின் மேசைக்கு வந்திருக்கும். அவரும் அந்த அலுவலகத்தில் இருந்திருப்பார்.